இளமையில் தொடங்கும் மனநோயும் மருத்துவக் கல்வியும்

(ஹைதராபாத், மல்லாபூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



மனநோயைப் பற்றிப் பேசுவதற்கு மருத்துவர் ஒருவரை அழைப்பதே வழக்கம். பொருளாதாரம் பயின்று, மத்திய அரசுப் பணியில் காலம் கழித்த என்னை அழைத்திருக்கிறீர்கள். நோயை அறிந்து தீர்ப்பது மருத்துவரின் கடமை. அந்நோய் எத்தனை பேரை, எந்த வயதில் தாக்குகிறது, அதைத் தீர்க்க எத்தனை பேர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள், அப்பயிற்சி எங்கே எவ்வாறு அளிக்கப்படுகிறது என்னும் வினாக்களோ திட்டமிடுவோரையும் சார்ந்தவை. அந்த எல்லைக்குள் நின்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊட்டக்குறைவும் காசநோயும் இன்னும் ஒழியாத நாட்டில் இளைஞரின் மனநோய்க்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை அந்நோய் தொடங்கும் வயதில் இருக்கிறது.

நோய் தொடங்கும் வயது

இருதய நோயும் நீரிழிவும் பெரும்பாலும் நடுவயதிலும் அதற்குப் பின்னும் தலைகாட்டுகின்றன. மனநோயின் போக்கு வேறு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மனநோய்க்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு 14 வயதுக்குள்ளும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு 18 வயதுக்குள்ளும், 62 விழுக்காட்டினருக்கு 25 வயதுக்குள்ளும் நோய் தொடங்கிவிடுகிறது. மிகுதியானோருக்குத் தொடங்கும் வயது பதினான்கரை. அதாவது, ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் வயது.

பொருளாதார நோக்கில் இதன் பொருள் தெளிவானது. ஒரு குடும்பமும் சமுதாயமும் பதினைந்து ஆண்டுகள் செலவிட்டு வளர்த்த ஒருவர், அச்செலவு பயன்தரத் தொடங்கும் தறுவாயில் நோய்வாய்ப்படுகிறார். படிப்பு நின்றால் தொழில் அமைவதில்லை. தொழில் அமையாவிடில் திருமணமும் குடும்பமும் தள்ளிப்போகின்றன. பின்னர் நோய் குணமாயினும், தவறிய ஆண்டுகள் திரும்ப வருவதில்லை. நடுவயதில் வரும் நோய் ஒருவரின் ஊதியத்தைக் குறைக்கிறது. இளமையில் வரும் நோய் அவர் ஊதியம் ஈட்டும் தகுதியைப் பெறுவதற்கே தடையாகிறது.

இந்திய மாநிலங்களின் நோய்ச்சுமையைப் பற்றிய ஆய்வு, 2017-இல் நம் நாட்டில் 19.7 கோடி மக்கள், அதாவது ஏழு பேரில் ஒருவர், ஏதேனும் ஒருவகை மனநோயுடன் வாழ்ந்தனர் என்று மதிப்பிட்டது. மொத்த நோய்ச்சுமையில் மனநோயின் பங்கு 1990-இல் 2.5 விழுக்காடாக இருந்து 2017-இல் 4.7 விழுக்காடாக உயர்ந்தது. 2012 முதல் 2030 வரை இந்தியாவுக்கு மனநோயால் ஏற்படக்கூடிய பொருளாதார இழப்பை உலக சுகாதார நிறுவனம் 1.03 இலட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டுள்ளது. எனவே இது ஆடம்பரச் செலவு என்னும் வாதம் நிற்காது.

எண்ணிக்கை கூறும் செய்தி

பெங்களூரிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம், அதாவது நிம்ஹான்ஸ், 2015-16-இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகவும், இவ்வயதினரில் நாடு முழுவதும் சுமார் 98 இலட்சம் பேருக்கு உடனடிக் கவனிப்புத் தேவைப்படுவதாகவும் அது கூறியது. கிராமப்புறத்தில் 6.9 விழுக்காடாக இருந்த இந்த அளவு, பெருநகரங்களில் 13.5 விழுக்காடாக இருந்தது. ஹைதராபாத் போன்ற பெருநகரில் வாழ்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

நோயுற்ற பெரியவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு. அந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இடம்பெற்றது. தெலங்கானாவும் ஆந்திரப் பிரதேசமும் இடம்பெறவில்லை. கணக்கெடுக்கப்படாத இடத்தில் தேவை இல்லை என்று கொள்வது நிருவாகத்தில் எளிதில் நேரும் பிழை. இதை அலுவலர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

தேசியக் குற்றப் பதிவகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் தற்கொலையால் உயிரிழந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். 2019 ஏப்ரலில் தெலங்கானா இண்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியானபின் மாணவர் பலர் உயிரிழந்தது நாட்டையே கலங்கவைத்தது. தோல்வியுற்றோரின் விடைத்தாள்களைக் கட்டணமின்றி மறுசரிபார்க்க அப்போது மாநில அரசு ஆணையிட்டது. இத்தகைய மரணத்திற்குத் தேர்வு ஒன்றையே காரணமாகக் கூறுவதும், மனநோய் ஒன்றையே காரணமாகக் கூறுவதும் பொருந்தா. ஏற்கெனவே உள்ளத்தளர்ச்சியில் இருக்கும் ஒரு பிள்ளையை, அதைக் கண்டறிய எவருக்கும் பயிற்சி இல்லாத ஒரு சூழலில், தேர்வு முடிவு வந்து தாக்குகிறது. கண்டறியும் பயிற்சியை அளிப்பது நம் கையில் இருக்கிறது.

நம் மண்ணில் நடந்த ஆராய்ச்சி

மனநல ஆராய்ச்சி மேலைநாட்டுச் சரக்கு என்றும், அங்கே கண்டறிந்தவற்றை இங்கே பின்பற்றினால் போதும் என்றும் எண்ணுவோர் உண்டு. நம் மண்ணில் நடந்த ஆராய்ச்சிகளே இதற்குத் தக்க மறுமொழி.

முதலாவது இந்த நகரத்தைச் சேர்ந்தது. 1958-இல் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம்மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இங்கு மல்லாபூருக்கு அருகே தார்நாகாவில் உள்ளது. தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் பெல்லாக்ரா என்னும் நோய் காணப்பட்டது. தோல் கருத்து வெடிக்கும், வயிறு கெடும், உறக்கமின்மையும் சோர்வும் மனக்குழப்பமும் தோன்றும். நோயாளிகள் சிலர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு அக்குழப்பம் முற்றியது. சி. கோபாலன், எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியா ஆகிய இருவரும் இதை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம் உடலில் நியாசின் என்னும் வைட்டமினின் பயன்பாட்டைக் குலைக்கிறது என்னும் கருத்தை 1960-இல் வெளியிட்டனர். அக்கருத்து பின்னர் விவாதத்திற்கு உள்ளானபோதிலும், விலைமலிவான நியாசின் அந்நோயாளிகளைக் குணப்படுத்தியது உறுதி. மனநோயெனத் தோன்றிய ஒன்றின் வேர் உணவுத் தட்டில் இருந்தது. அந்த வேரைக் காணச் சோளம் உண்ணும் மக்களின் நடுவே ஓர் ஆராய்ச்சிக்கூடம் தேவைப்பட்டது.

இரண்டாவது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. கணியம்பாடி ஒன்றியத்தில் சுமார் 1,08,000 மக்களிடையே நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் அக்கல்லூரியின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் பதிவு செய்துவந்தனர். ஒவ்வோர் இறப்பிலும் உறவினரையும் அயலாரையும் விசாரித்துக் காரணத்தை உறுதிசெய்தனர். 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளைக்கொண்டு 10 முதல் 19 வயதினரின் தற்கொலை விகிதத்தைக் கணக்கிட்டபோது, ஓர் இலட்சம் பெண்களுக்கு 148 என்றும், ஓர் இலட்சம் ஆண்களுக்கு 58 என்றும் தெரியவந்தது. 2004-இல் வெளியான இம்முடிவு இரண்டு உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. அரசுப் பதிவேடுகளில் காணும் எண்ணிக்கை உண்மைநிலையைவிட மிகவும் குறைவு என்பது ஒன்று. மேலைநாடுகளில் ஆண்களிடமே தற்கொலை மிகுதி. நம் கிராமத்து வளரிளம் பருவத்தில் பெண்பிள்ளைகளே மிகுதியாக இறக்கின்றனர் என்பது மற்றொன்று. மேலைநாட்டு நூலை மட்டும் படித்த மருத்துவர் இந்தப் பெண்ணைத் தேடிப் போகமாட்டார்.

மூன்றாவது சென்னையைச் சேர்ந்தது. 1981-இல் சென்னையில் முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 90 பேரைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆர். தாரா முதலியோர் அப்பணியை இருபது ஆண்டுகளுக்கு மேலும் தொடர்ந்தனர். மனச்சிதைவு என்றால் வாழ்வு முடிந்தது என்னும் பொதுக்கருத்தை அவ்வாய்வு ஆதரிக்கவில்லை. ஆண் நோயாளிகளில் பெரும்பான்மையினர் பத்தாண்டுக்குப் பின்னும் வேலையில் இருந்தனர். பின்னர், அதே நிறுவனமும் கனடாவின் மாண்ட்ரியல் நகர மருத்துவர்களும் சேர்ந்து, முதன்முறை கடும் மனநோய்க்கு ஆளான இளைஞர்களை இரு நகரங்களிலும் ஒரே முறையில் சிகிச்சை அளித்து ஒப்பிட்டனர். ஈராண்டு முடிவில், ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற குறிகள் சென்னை நோயாளிகளிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. குடும்பத்தினர் உடன் வந்ததும், சிகிச்சையைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டதும் இதற்குத் துணைசெய்தன.

குடும்பம் நம் மருத்துவத்தின் மூலதனம் என்பதை நம் முன்னோடிகள் முன்பே உணர்ந்திருந்தனர். 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்தார். 1957-இல் தொடங்கிய வேலூர் மனநல மையமும் குடும்பத்துடன் தங்கிச் சிகிச்சை பெறும் முறையை மேற்கொண்டது. எனினும் இந்த மூலதனத்திற்கும் தேய்மானம் உண்டு. நோயுற்ற மகனுக்காகத் தாய் கூலிவேலையை விட்டால், அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. மல்லாபூர், நாச்சாரம் தொழிற்பகுதிகளுக்குத் தொலைதூரத்திலிருந்து தனியே வந்து வாடகை அறையில் தங்கும் இளந்தொழிலாளிக்கு அருகில் குடும்பமே இல்லை. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று அரசு ஒதுங்குவதற்கு இவ்வாராய்ச்சிகள் இடம் தரவில்லை.

நிம்ஹான்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து, 6 முதல் 23 வயது வரையிலான சுமார் 10,000 பேரை நாட்டின் ஏழு மையங்களில் ஆராய முற்பட்டனர். வறுமை, சுற்றுப்புற மாசு, பரம்பரை, வளர்ப்பு ஆகியவை இளம் மூளையின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே அதன் நோக்கம். இத்தகைய ஆய்வு பலன்தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வரவு செலவுத் திட்டமோ ஆண்டுக்கு ஒன்று. இவ்விரண்டையும் இணைக்கும் பொறுமை நிதித்துறைக்கு வேண்டும்.

மருத்துவர் பற்றாக்குறை

1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவின் 40 கோடி மக்களுக்கு மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் சுமார் 10,000 மட்டுமே என்று குறிப்பிட்டது. 40,000 பேருக்கு ஒரு படுக்கை. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒன்று. அக்குழுவின் பரிந்துரையின் பயனாக 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநலப் பயிற்சி நிறுவனம் தோன்றி, 1974-இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று.

இன்று படுக்கையைவிட மருத்துவரே அரிய பொருள். இந்தியாவில் ஓர் இலட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர் உள்ளனர் என்பது மதிப்பீடு. குறைந்தது மூவராவது வேண்டும் என்பர் வல்லுநர். 140 கோடி மக்களுக்கு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருப்பவர் ஏறத்தாழ 10,500, வேண்டியவர் 42,000. ஒருவரும் ஓய்வுபெறாமல், வெளிநாடு செல்லாமல், ஆண்டுதோறும் ஆயிரம் பேர் புதிதாகச் சேர்வதாகக் கொண்டாலும் இடைவெளியை நிரப்ப 31 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று 15 வயதுள்ள பிள்ளைக்கு அப்போது 46 வயது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மனநல மருத்துவத்தில் தனி உயர்பட்டப் படிப்பு நம் நாட்டில் 2010-க்குப் பின்னரே தொடங்கியது. அதில் பயிற்சி பெறுவோர் மிகச் சிலரே.

ஆகவே சிறப்பு மருத்துவரை மட்டும் நம்பி இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. ஆண்டுதோறும் 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்கின்றனர். நோயுற்ற பிள்ளையைப் பெற்றோர் முதலில் அழைத்துச் செல்வதும் பொது மருத்துவரிடந்தான். அதுவும் மனநோய் என்று சொல்லி வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை, மயக்கம் என்று வருவார்கள். வலி மாத்திரையும் சத்து மருந்தும் எழுதிக்கொடுத்து அனுப்புவதா, இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்பதா என்பது அந்த மருத்துவர் கல்லூரியில் என்ன கற்றார் என்பதைப் பொறுத்தது.

கல்வியில் செய்ய வேண்டுவன

1997-இன் விதிகளின்படி எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்திற்கு 20 மணிநேர விரிவுரையும் இரண்டு வார மருத்துவமனைப் பயிற்சியுமே ஒதுக்கப்பட்டிருந்தன. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் இதனை 40 மணிநேரமாக உயர்த்தியது. உள்ளுறைப் பயிற்சிக் காலத்தில் இரண்டு வாரங்களை மனநலப் பிரிவில் கழிப்பதையும் கட்டாயமாக்கியது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் இப்பாடத்திற்குத் தனித்தேர்வு இல்லை. பொது மருத்துவத் தேர்வின் ஒரு சிறு பகுதியாகவே உள்ளது. தேர்வில் தயங்காமல் விட்டுவிடக்கூடிய பாடத்தை மாணவர் படிக்கமாட்டார் என்பதை மாணவர்களாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள்.

என் கருத்தில் மூன்று செயல்கள் உடனடியாகத் தேவை. முதலாவது, இறுதித் தேர்வில் மனநலம் பற்றிய வினாவையும் நோயாளியை நேரில் ஆராயும் தேர்வையும் தவிர்க்க இயலாதவையாக்க வேண்டும். இரண்டாவது, இரண்டு வாரப் பயிற்சியை முற்றிய நோயாளிகள் தங்கும் விடுதிகளில் மட்டும் கழிக்காமல், புறநோயாளிப் பிரிவிலும் பள்ளிகளிலும் கழிக்கச் செய்ய வேண்டும். தொடங்கும் நிலையில் உள்ள நோயை அங்கேதான் காணலாம். உஸ்மானியா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து எர்ரகட்டாவில் இயங்கும் மனநல நிறுவனம் போன்ற அமைப்புகள் இதற்கு உதவ முடியும். மூன்றாவது, ஏற்கெனவே பணியிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கு, நிம்ஹான்ஸின் எண்ணிமப் பயிற்சிக்கழகம் தொலைவழியே அளிக்கும் பயிற்சியைப் பதவி உயர்வுக்குரிய தகுதிகளுள் ஒன்றாகச் சேர்க்கலாம்.

அறிவுத்திறன் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றெனக் கருதும் குழப்பமும் கல்வியால் நீங்க வேண்டும். முன்னதற்கென 1984-இல் செகந்தராபாத்தில் தேசிய நிறுவனம் ஒன்று அமைந்தது. அங்கே தேவைப்படுவது தொடர்பயிற்சி. பின்னதற்குத் தேவைப்படுவது சிகிச்சை. ஒன்றை மற்றொன்றென எண்ணும்போது இருவகைப் பிள்ளைகளும் தத்தமக்குரியதை இழக்கின்றனர்.

திட்டங்களும் களமும்

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தைக்கொண்டு, மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-இல் நான்கு மாவட்டங்களில் செயற்படுத்தப்பட்டது. அவற்றுள் ஒன்று இந்நகரை அடுத்துள்ள மேதக், மற்றொன்று திருச்சிராப்பள்ளி. இன்று இத்திட்டம் 767 மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. 2014-இல் 10 முதல் 19 வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் வந்தது. 2018 மே முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் பிற மொழிகளிலும் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். மாணவர்களே, உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ தேவைப்படக்கூடும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

சட்டமும் திட்டமும் தொலைபேசி எண்ணும் வந்துவிட்டன. அழைப்பை ஏற்பவருக்கும், அங்கிருந்து அனுப்பப்படும் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவருக்கும் பயிற்சி இருக்கிறதா என்பதே எஞ்சியுள்ள கேள்வி. ஆலோசகர் பணியிடத்தை உருவாக்க ஓர் அரசாணை போதும். அப்பணியிடத்தில் அமரத்தக்க ஒருவரை உருவாக்க நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். திட்டமிடுவோர் முதலாவதைச் சாதனையாகக் கணக்கிட்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். ஆண்டறிக்கையில் எத்தனை மாவட்டங்கள் சேர்ந்தன என்று எழுதும் அலுவலர்கள், எத்தனை இளைஞர் நோய் தொடங்கிய ஓராண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தனர் என்னும் ஒரு பத்தியையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த எண் உயர்ந்தால் பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் ஒன்றோடொன்று இணைந்து பணியாற்றுகின்றன என்று பொருள். உயராவிடில், எத்தனை மாவட்டங்கள் சேர்ந்தும் பயனில்லை.

பெல்லாக்ராவை ஆராய்ந்தவர்கள் நோயாளியின் உணவுத் தட்டைப் பார்த்தார்கள். கணியம்பாடியில் பணியாற்றியவர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். சென்னையில் ஆராய்ந்தவர்கள் இருபது ஆண்டுகள் அதே நோயாளிகளைத் தொடர்ந்தார்கள். பெருஞ்செல்வம் இல்லாத நாட்டில், விடாமுயற்சியால் விளைந்த அறிவு இது. இவ்வறிவு ஆய்விதழ்களில் தங்கிவிடாமல் மருத்துவக் கல்லூரியின் வகுப்பறைக்கு வரவேண்டும். அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் செல்லவேண்டும். இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலர் மருத்துவராகவும் ஆசிரியராகவும், சிலர் கோப்புகளில் கையொப்பமிடும் அலுவலராகவும் வருவீர்கள். தலைவலி என்று சொல்லி வரும் பிள்ளையிடம் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்பவர்களாகவும், கேட்பதற்கு நேரமும் பயிற்சியும் ஒதுக்குபவர்களாகவும் நீங்கள் விளங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.